நர்சிங் பள்ளி பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதை: கொடைக்கானல் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் நர்சிங் டியூட்டராக இருந்துவிட்டு இப்போது பெருமாள்மலையில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகளும் பெற்றவர்களும் கேள்வியோடு வருகிறார்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ் என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது "இந்த யுனிவர்சிட்டி யாரு, அந்தக் கவுன்சில் யாரு, அம்மா சர்டிபிகேட்டில் ஏன் வேற பேரு இருக்கு" என்று வரலாற்றுக்குள் போய்விடும். அந்த வரலாறு தெரியாமல் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நர்சிங் கல்லூரியை உதாரணமாக அதிகம் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஒரு நர்சிங் பள்ளி பல்கலைக்கழகக் கல்லூரியாக மாறிய பாதை முழுவதும் அந்த ஒரே இடத்தில் தெரிகிறது.

வேலூர் எங்கேயோ இருக்கு, கொடைக்கானலுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார், 1902-ல் 40 படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனை வந்தது. கோடையில் அவர் வந்து தங்கியது நம் ஊரில்தான். ஹில் டாப் என்ற அவருடைய பங்களா இங்கேதான் இருந்தது. 1946-ல் பொறுப்புகளை விட்டு ஒதுங்கிய பிறகு கடைசிக் காலத்தை இங்கே கழித்து, 1960 மே மாதம் இங்கேயே இறந்தார். அவர் ஒதுங்கிய அதே 1946-ல்தான் அவர் தொடங்கிய நர்சிங் பள்ளி பட்டம் கொடுக்கும் கல்லூரியாக ஆனது. கொடைக்கானல் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், ஏரியும் தூண் பாறையும் மட்டும் நம் ஊர்ப் பெருமை இல்லை.

அப்போ வேலூர் நர்சிங் கல்லூரி தொடங்கிய வருடம் 1909 என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

அது பள்ளி தொடங்கிய வருடம். ஷெல் மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் பயிற்சிப் பள்ளி. 1946 என்பது பட்டப்படிப்புக் கல்லூரி ஆன வருடம். இரண்டு தேதியும் சரி, எதைக் குறிக்கிறது என்பதுதான் வேறு.

இன்னும் பின்னால் போனால் சென்னை வரும். எழும்பூரில் பேறுகால மருத்துவமனை 1844-ல் வந்தது. நர்சிங் வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் தேதி 1871, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு பேரோடு தொடங்கிய ஆறு மாதப் பேறுகாலப் பயிற்சி.

பள்ளி என்றால் என்ன, கல்லூரி என்றால் என்ன? ரெண்டும் வார்டுதானே?

வார்டு ஒன்றுதான். ஆனால் அந்த வார்டில் மாணவி எதற்காக நிற்கிறாள் என்பது வேறு. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைக்க நினைத்தால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்து மருத்துவமனைப் பள்ளியில், வேலூர் மட்டுமில்லை, லண்டனில் 1860-ல் நைட்டிங்கேல் பெயரில் வந்த பள்ளியின் வழியைப் பின்பற்றிய பல இடங்களிலும், பள்ளியின் சொந்தக்காரர் மருத்துவமனை. சாப்பாடு, தங்க இடம், கையில் கொஞ்சம் படி கொடுப்பார்கள், பதிலுக்கு மாணவி வார்டு வேலை பார்ப்பாள். மேட்ரன் என்கிற தலைமை நர்ஸ்தான் அவளுக்கு ஆசிரியர், மேலதிகாரி, வார்டன் எல்லாம். வகுப்பு நேரமும் வார்டில் ஆள் தேவைப்படும் நேரமும் மோதினால் எப்போதும் வார்டுதான் ஜெயிக்கும். நல்ல நர்சுகள் அப்படியும் உருவானார்கள், அதை மறுக்க மாட்டேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் சிலர் அந்த வழியில் வந்தவர்கள், கையைத் தொட்டே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு பெண் ஏன் இந்த ஊசி, ஏன் இந்த அளவு என்று கேட்பதற்கான நேரத்தை அந்த அமைப்பு ஒதுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் வந்ததும் மாணவியின் நேரத்துக்குக் கணக்குக் கேட்க வெளியில் ஒருவர் வந்தார். இத்தனை மணி நேரம் தியரி, இத்தனை மணி நேரம் கிளினிக்கல், அதுவும் எந்தெந்த வார்டில் என்று பாடத்திட்டம் எழுதி வைத்தது.

பட்டம் வருவதற்கு முன்னால் பரீட்சை வைத்தது யார்? சர்டிபிகேட் யார் கொடுத்தார்கள்?

முதலில் அந்தந்த மருத்துவமனையே. அப்புறம் மிஷன் மருத்துவமனைகள் ஒன்றாகச் சேர்ந்து தேர்வு வாரியம் வைத்தன, ஒரு ஊரில் படித்தவளின் தரம் இன்னொரு ஊரில் செல்ல வேண்டும் என்பதற்காக. தென்னிந்தியாவுக்கு என்று கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தின் நர்சுகள் அமைப்பு நடத்திய வாரியத்தின் சான்றிதழ் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் பீரோவில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு அரசுத் தேர்வு.

நர்சாக வேலை பார்ப்பதற்கான பதிவு என்பது தனி. அதற்கு 1926-ல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது, அதிலிருந்து வந்ததுதான் இப்போது சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு நர்சிங் கவுன்சில். நர்சுகளே சேர்ந்து கேட்டு வாங்கியது இது. அவர்களுடைய அகில இந்தியச் சங்கம் 1908-லேயே உருவாகிவிட்டது. அகில இந்திய அளவில் சட்டம் 1947-ல் வந்தது, அதன்படி இந்திய நர்சிங் கவுன்சில் 1949-ல் அமைந்தது.

1946-ல் அப்படி என்ன நடந்தது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு வேலூரில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. அதே வருடம் டெல்லியில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்னொரு கல்லூரி, பின்னால் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயர் பெற்றது. எது முதல் என்று வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை போடுகிறார்கள், அது தேவையே இல்லை, இரண்டும் ஒரே காலத்தின் பிள்ளைகள்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பாருங்கள். போர் (Bhore) கமிட்டி என்று பாடத்தில் படிப்பீர்கள், சர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் அமைத்து 1946-ல் அறிக்கை கொடுத்தது. அதில் வரும் கணக்கு, நாட்டில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டரை விட நர்ஸ் அரிதாக இருந்த நாடு! அவ்வளவு பேரை உருவாக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆசிரியர்களைப் பல்கலைக்கழகம்தான் உருவாக்க முடியும் என்ற எண்ணம் வந்தது. வேலூரில் மருத்துவப் பள்ளி ஏற்கெனவே 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்திருந்தது, பக்கத்திலேயே நர்சிங்கும் உயர்ந்தது.

இங்கே ஒரு ஒப்பீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் நர்சிங் பள்ளி என்ற முயற்சியை அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1909-ல் தொடங்கியது, வேலூரில் மருத்துவமனைப் பள்ளி தொடங்கிய அதே வருடம். யேல் பல்கலைக்கழகத்தில் தனி டீனோடு நர்சிங் பள்ளி 1923-ல் வந்தது. நமக்கு மேட்ரன் முறையைக் கொடுத்த பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் நர்சிங்குக்கு என்று துறை தொடங்கியது 1956-ல், எடின்பரோவில். நம் சென்னைப் பல்கலைக்கழகம் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே நர்சிங்கைப் பட்டப்படிப்பாக ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது "உங்கள் ஊர் படிப்பு" என்று யாராவது இழுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நர்சுக்கு எதுக்கு டிகிரி என்று என் மாமனார் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

1946-லும் இதைத்தான் கேட்டார்கள் அம்மா. பெரியவரிடம் இப்படிச் சொல்லுங்கள். மன்னவனூரிலிருந்து ராத்திரி ஒரு பிரசவ கேஸ் கீழே இறங்குகிறது, வண்டி வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரைக்கும் கூட இருப்பது நர்ஸ் மட்டும்தான். இரத்தப்போக்கு அதிகமாகிறதா, நாடி ஏறுகிறதா, எந்த மருந்து எந்த அளவு, எப்போது போன் பண்ண வேண்டும் என்று முடிவெடுப்பது அவள். அதற்கு உடற்கூறும் மருந்தியலும் நுண்ணுயிரியலும் தெரிந்திருக்க வேண்டும். டிகிரி இல்லாதவளுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை, டிப்ளமோ முடித்த அருமையான நர்சுகள் இந்த மலை முழுக்க இருக்கிறார்கள். ஆனால் டிகிரி இருந்தால் அவள் அடுத்து எம்.எஸ்சி. போகலாம், ஆசிரியராகலாம், பாடத்திட்டம் எழுதுகிற மேசையில் உட்காரலாம். நர்சுகளின் படிப்பை நர்சுகளே தீர்மானிக்க வேண்டுமென்றால் அந்த மேசைக்குப் போக ஆள் வேண்டும்.

காலேஜில் பிரின்சிபல் பெரியவரா, ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டு பெரியவரா? யார் சொல்வதைக் கேட்பது?

சிரிக்கிற கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் நர்சிங் நிர்வாக வரலாற்றின் பெரிய முடிச்சு இதுதான். பள்ளியாக இருந்தபோது மேட்ரன் ஒருவரே இரண்டையும் பார்த்தார். கல்லூரி தனியானதும் படிப்பு ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம் என்று பிரிந்தது. மாணவியின் நேரம் காப்பாற்றப்பட்டது, அது லாபம். ஆனால் ஒரு நஷ்டமும் வந்தது, டியூட்டர்கள் வார்டை விட்டுத் தள்ளிப் போனார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்று, வார்டில் நடக்கிற முறை ஒன்று என்று ஆனது. பிள்ளை நடுவில் நின்று முழிக்கும். டியூட்டர் சொன்னபடி டிரெஸ்ஸிங் செய்தால் ஸ்டாஃப் நர்ஸ் "இவ்வளவு நேரமா" என்பார், வார்டில் செய்கிறபடி செய்தால் டியூட்டர் மார்க்கைக் குறைப்பார்.

வேலூரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள், ஆசிரியர்களுக்கே வார்டுப் பொறுப்பும் கொடுத்து, கற்பிப்பதையும் நோயாளிப் பராமரிப்பையும் ஒரே துறைக்குள் வைத்தார்கள். கல்வியும் சேவையும் இணைந்த முறை என்று இதைச் சொல்வார்கள். செலவும் உழைப்பும் அதிகம் கேட்கிற ஏற்பாடு இது, அதனாலேயே பல இடங்களில் பரவவில்லை என்று நினைக்கிறேன். 1987-ல் கல்லூரியே பொறுப்பேற்று நடத்தும் சமூக சுகாதாரத் திட்டம் ஒன்றும் வந்தது, சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகப் போவது, கிளினிக் நடத்துவது என்று. மாணவி அங்கே போஸ்டிங் (நேரடிப் பயிற்சி) போனால் அது சுற்றுலா இல்லை, அந்த ஊர்க்காரர்களுக்கு அவள் கல்லூரிதான் நர்ஸ்.

நடைமுறையில் உன் கேள்விக்குப் பதில்: போஸ்டிங்கில் நீ மாணவி, உன் பொறுப்பு உன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம். ஆனால் படுக்கையில் இருக்கிற நோயாளி வார்டு சிஸ்டரின் பொறுப்பு, அவரிடம் சொல்லாமல் எதுவும் செய்யாதே. ஸ்டாஃப் பற்றாக்குறைக்கு மாணவிகளை வைத்து நைட் டியூட்டியை ஓட்டுகிற ஒரு இடத்தை நானே பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், கேட்ட பெற்றவர்களுக்கு "அனுபவம் வரும்" என்று பதில் சொன்னார்கள். 1909-ன் ஏற்பாடு பின்வாசல் வழியாகத் திரும்பி வருவது அப்படித்தான். கூட ஒரு ஆசிரியர் நிற்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், தெரிந்துவிடும்.

அம்மாவின் பட்டத்தில் வேறு பல்கலைக்கழகப் பெயர் இருக்கிறது. எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டி என்று இல்லை. செல்லுமா?

தாராளமாகச் செல்லும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987 சட்டத்தின்படி வந்து 1988 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னால் மருத்துவம், நர்சிங் எல்லாம் அந்தந்தப் பகுதிப் பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. சென்னை, வேலூர் பக்கம் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். மதுரைப் பக்கத்து மருத்துவப் படிப்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. வெளிநாட்டுக்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே முதலில் விசாரியுங்கள். நேராக கிண்டியில் இருக்கிற எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்துக்குப் போய் வரிசையில் நின்று, இங்கே இல்லை என்று கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

இன்னொன்று, திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. பழைய ஆவணங்களில் கொடைக்கானல், மதுரை மாவட்டம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அன்றைக்கு அது சரிதான்.

நம் அட்டுவம்பட்டியிலேயே மதர் தெரசா பல்கலைக்கழகம் இருக்கே, அங்கேயே நர்சிங் படிக்கலாமே?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. 1984-ல் பெண்களுக்காக என்றே தொடங்கிய பல்கலைக்கழகம் நம் மலையில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரிகள் இணைய வேண்டியது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மட்டும் தங்கள் பட்டத்தைத் தாங்களே கொடுக்கும். மருத்துவப் படிப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுபோனதில் பாடமும் தேர்வும் மாநிலம் முழுக்க ஒன்றானது, நல்லது. ஆனால் கலை, சமூகவியல், உளவியல் துறைகள் இருக்கிற வளாகத்திலிருந்து நர்சிங் பிரிந்து போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். மற்றத் துறை மாணவர்களோடு ஒரே கேன்டீனில் உட்காருவதும் படிப்புதான்.

ஜி.என்.எம். மூன்று வருடமா, மூன்றரையா? அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஜி.என்.எம். என்பது நர்சிங் டிப்ளமோ. 2004 பாடத்திட்டத்தில் அது மூன்றரை ஆனது, 2015-ல் மறுபடி மூன்று ஆக்கினார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஜி.என்.எம். முடித்துவிட்டேன், டிகிரி வாங்க முடியுமா?

முடியும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., இரண்டு வருடம், கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்ட நர்சுகளுக்காகப் பல்கலைக்கழகம் திறந்த கதவு இது. குடும்பச் சூழ்நிலையால் முதலில் டிப்ளமோ படித்த நிறைய மலைப் பெண்கள் இந்த வழியாகத்தான் டியூட்டர் ஆனார்கள்.

செமஸ்டர் என்கிறார்கள், புதுச் சட்டம் என்கிறார்கள். என்ன மாறுகிறது?

பி.எஸ்சி. நர்சிங் முன்பு வருடத் தேர்வு முறையில் இருந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அறிவித்த புதிய பாடத்திட்டத்தின்படி எட்டு செமஸ்டர், கிரெடிட் கணக்கு எல்லாம் வந்தது. மதிப்பெண் நெருக்கடி அடிக்கடி வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

சட்டம் என்பது 2023-ன் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம். 1947 சட்டத்துக்குப் பதிலாக வந்தது. கவுன்சிலுக்குப் பதில் ஆணையம், அதன் கீழ் கல்விக்கு ஒரு வாரியம், கல்லூரிகளை மதிப்பிட ஒரு வாரியம், பதிவுக்கும் ஒழுக்க நெறிக்கும் ஒரு வாரியம், மாநிலங்களுக்கு மாநில ஆணையம். நான் இதில் பார்ப்பது ஒன்றைத்தான், அந்த வாரியங்களில் படுக்கை அருகே வேலை பார்த்த நர்சுகள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று.

சேருவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

பல்கலைக்கழக இணைப்பு, மாநில கவுன்சில் அங்கீகாரம், தேசிய அளவிலான அங்கீகாரம். மூன்றும் நீ சேருகிற வருடத்துக்கு இருக்க வேண்டும், போன வருடத்துப் பேப்பரை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தால் போதாது. நான்காவதாக, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே போஸ்டிங், அங்கே படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா. காலி வார்டில் நர்சிங் படிப்பது தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் பழகுவது.

எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது. மலை ஊர் அரசுப் பள்ளியில் படித்தது. தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும். முதல் ஆறு மாதம் கஷ்டப்படும், அழும், போன் பண்ணி வந்துவிடுகிறேன் என்று சொல்லும். அந்த நேரத்தில் "சரி வந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாடப்புத்தகம் ஆங்கிலம்தான், ஆனால் வார்டில் நோயாளி பேசுவது தமிழ், அங்கே நம் பிள்ளைதான் முன்னால் நிற்கும். பளியர், புலையர் குடியிருப்புகளுக்கு ஏறிப் போய் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசத் தெரிந்த பெண்ணை எந்தப் பாடத்திட்டத்தாலும் உருவாக்க முடியாது. மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனையும் அதன் நர்சிங் பள்ளியும் நம் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் அனுப்பப் பயப்படுகிறவர்கள் அடிவாரத்திலேயே தேடலாம்.

பையன் படிக்கலாமா டீச்சர்?

படிக்கலாம். சில கல்லூரிகள் பெண்களை மட்டும் சேர்க்கும், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் படித்த நர்சிங் பள்ளியின் வரலாற்றை எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

இந்தக் கேள்வியை ஒரு ஓய்வுபெற்ற சிஸ்டர் கேட்டார்கள், கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மருத்துவமனையின் வரலாற்றை எழுதும்போது டாக்டர்களின் பெயரும் கட்டடம் கட்டிய தேதியும் வந்துவிடுகின்றன, நர்சிங் பள்ளி ஒரு பாராவில் முடிந்துவிடுகிறது.

முதலில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு. யார், எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று அதில் இருக்கும், எந்த வருடத்திலிருந்து மலை ஊர்ப் பெயர்கள் வர ஆரம்பிக்கின்றன என்று அதில் தெரியும். அடுத்து கவுன்சில், பல்கலைக்கழக இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகள், குறைகள் எழுதியிருக்கிற பக்கத்தைத் தவறாமல் படியுங்கள், "லைப்ரரி போதாது, ஆசிரியர் எண்ணிக்கை குறைவு" என்று அவர்கள் எழுதிய பிறகு நிர்வாகம் என்ன செய்தது என்பதுதான் உண்மையான வரலாறு. அப்புறம் கிளினிக்கல் ரொட்டேஷன் சார்ட், இதை எல்லோரும் வருடம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். பழையது ஒன்று கிடைத்தாலும் விடாதீர்கள், மாணவி எத்தனை இரவு எந்த வார்டில் நின்றாள் என்று வேறு எந்தக் காகிதமும் சொல்லாது. கேப்பிங் (மாணவிகளுக்கு நர்ஸ் தொப்பி அணிவிப்பது), விளக்கேற்றும் விழாப் படங்களின் பின்பக்கம் பெயர் எழுதச் சொல்லுங்கள், இருப்பவர்களிடம் இப்போதே கேளுங்கள். சமையல்காரம்மா, வார்டன், ஆம்புலன்ஸ் டிரைவர் இவர்களையும் விடக் கூடாது.

எழுதியதை எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எப்போதும் வீட்டில் இருப்பேன், பழைய பதிவேடு படிக்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் வருகிறேன்.